பையன் சட்டை போட்ட பெண் குழந்தை: பார்ப்பவர்கள் எல்லாம் ‘தம்பி’ என்கிறார்கள், திருத்த வேண்டுமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு முதல் குழந்தை, பெண். ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது நடக்கிறது. எடை 9.1 கிலோ. கணவரின் அண்ணனுக்கு இரண்டு பையன்கள். அவர்கள் போட்டுச் சின்னதாகிப்போன துணிகள் ஒரு பெரிய பெட்டி நிறைய வந்து சேர்ந்தன. காலர் வைத்த அரைக்கைச் சட்டை, கார் படம் போட்ட பனியன், நீலமும் சாம்பலுமாக டிராயர்கள். எல்லாம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி. சென்னை வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவரும் மகிழ்ச்சியாகப் போட்டுவிடுகிறார். போன மாதம் திருத்தணியில் மொட்டை போட்டாயிற்று. காது இன்னும் குத்தவில்லை. தாய்மாமன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், அவர் வந்தபின் அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

ஆக, மொட்டைத் தலை, கம்மல் இல்லாத காது, காலர் சட்டை. லிஃப்டில், காய்கறிக் கடையில், பூங்காவில், பார்ப்பவர்கள் எல்லாம் ‘தம்பி பேர் என்ன?’ என்கிறார்கள். மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. “பொம்பளப் புள்ளைய ஆம்பள மாதிரி வளக்கப் போறியா? பின்னாடி அதோட குணமே மாறிடும்” என்கிறார். அவர் வாங்கி வந்த ரோஸ் கலர் ஹேர் பேண்டில், குழந்தையின் முகத்தில் பாதி அளவுக்கு ஒரு துணிப் பூ. அம்மா வீட்டில் பெரியம்மா வேறு விதம்: “போடட்டும் போடட்டும், பையன் துணி போட்டா அடுத்தது பையன்தான்.” அதோடு நிற்காமல், “அடுத்த தடவை தெரிஞ்ச ஸ்கேன் சென்டர்ல கேட்டுக்கலாம்” என்றும் சொல்லியிருக்கிறார். கணவரோ “யாரோ என்னவோ சொல்லிட்டுப் போகட்டும்” என்பதோடு சரி.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் அவரை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். பழவந்தாங்கலிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மென்டில் போகிறார். எதிரே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா குழந்தையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, “ராசா மாதிரி இருக்கான். மொதப் பிரசவமே ஆம்பளப் புள்ள. குடுத்து வெச்சவ நீ” என்கிறார். ‘நான் திருத்தவில்லை டாக்டர். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்க நன்றாக இருந்தது. மாம்பலத்தில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். என் பெண்ணை நானே மறைத்துவிட்டேனா?’

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரின் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். அது உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. உங்கள் மகளின் குணம் சட்டையால் மாறாது. ஒன்பது மாதக் குழந்தைக்குத் தான் போட்டிருப்பது யாருடைய துணி என்று தெரியாது. கழுத்துப் பட்டி உறுத்துகிறதா, வியர்த்தால் ஒட்டுகிறதா, பட்டனை வாய்க்குள் இழுக்க முடியுமா என்பதுதான் அவளுக்கு விஷயம். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ ஒரு குழந்தை சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள். அப்போதுகூட, முடியை வெட்டி வேறு உடை போட்டால் ஆளே மாறிவிடலாம் என்றுதான் நினைக்கும். உடுப்பு மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்கிற தெளிவு உறுதிப்படவே ஐந்து, ஏழு வயது ஆகிவிடுகிறது. ரயிலில் யாரோ ‘தம்பி’ என்றதால் ஒரு குழந்தைக்குக் குழப்பம் வரும் என்றால், பெண் குழந்தையை ‘வாடா கண்ணா, என்னடா செல்லம்’ என்று கொஞ்சும் நம் வீடுகளில் ஒரு பெண்ணும் தெளிவாக வளர்ந்திருக்க முடியாது.

மாமியாரிடம் இதை மருத்துவமாகச் சொல்வதைவிட அவர் அறிந்த வழக்கத்தை நினைவூட்டுவது பலன் தரும். நம் ஊரில் மொட்டை போடும் முன் ஆண் குழந்தைக்குப் பாவாடை சட்டை போட்டு, கிடைத்த முடியைப் பின்னி, பூச்சடை தைத்து, ஸ்டூடியோவில் நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி, முகமும் சடையும் சேர்ந்து தெரியும்படி போட்டோ எடுத்து மாட்டாத குடும்பம் குறைவு. அந்தப் படத்தில் இருக்கும் பையன் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார். உங்கள் மாமியார் வீட்டு ஆல்பத்திலும் ஒன்று இருக்கலாம், தேடிப் பாருங்கள். கோகுலாஷ்டமிக்குப் பெண் குழந்தைகளுக்குக் கொண்டை போட்டு மயிலிறகு செருகிக் கிருஷ்ணனாக்குகிறோம். முன்பெல்லாம் பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பையனுக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பார்கள். அந்த மூக்குத்தியால் அவன் குணம் மாறும் என்று யாரும் பயப்படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நம் பிள்ளைத்தமிழ் மரபில் குழந்தைப் பருவம் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிகிறது: பையனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்ணுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். அம்புலிப் பருவம் ஏறத்தாழ ஒன்றரை வயது. தலையாட்டித் தவழ்வது, கை கொட்டுவது, முத்தம் கேட்டால் கொடுப்பது, நிலாவைக் கூப்பிடுவது, இதெல்லாம் இருவருக்கும் ஒன்று என்று பாடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வளர்ச்சிப் படிகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவராக நானும் அதற்கு மாறாக எதையும் காணவில்லை.

ஏன் எல்லாரும் ‘பையன்’ என்கிறார்கள்?

பார்ப்பவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் துணியையும் முடியையும் பார்த்துச் சொல்கிறார்கள். 1975-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். மூன்று மாதப் பெண் குழந்தைக்கு எந்தப் பக்கமும் சாயாத மஞ்சள் உடை போட்டுப் பெரியவர்களிடம் விளையாடக் கொடுத்தார்கள். சிலரிடம் பையன் என்றார்கள், சிலரிடம் பெண் என்றார்கள், சிலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்படாதவர்கள் தாங்களே ஊகித்து, காரணமும் சொன்னார்கள். பையன் என்று நினைத்தவர்கள் கைப்பிடி பலமாக இருக்கிறது, முடி இல்லை என்றார்கள். பெண் என்று நினைத்தவர்கள் உருண்டையாக, மென்மையாக இருக்கிறது என்றார்கள். அத்தனை பேர் கையிலும் இருந்தது அதே குழந்தை.

உங்கள் மகளுக்கு மொட்டையோடு எடையும் சேர்ந்துவிட்டது. ‘இவ்வளவு கனமா, அப்ப பையன்தான்’ என்று லிஃப்டில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஒன்பது மாதத்தில் பெண் குழந்தையின் நடு எடை 8.2 கிலோ, ஆண் குழந்தையின் நடு எடை 8.9 கிலோ. ஆனால் பெண்ணுக்கு 6.5-லிருந்து 10.5 வரையும், ஆணுக்கு 7.1-லிருந்து 11 வரையும் இயல்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் எல்லைகள். 9.1 கிலோ ஒரு ஆரோக்கியமான பெண் குழந்தையின் எடை, அவ்வளவுதான்.

நீலம் பையனுக்கு, ரோஸ் பெண்ணுக்கு என்பதும் தொன்றுதொட்டு வந்ததல்ல. 1918-ல் அமெரிக்கக் குழந்தை உடை வியாபார இதழ் ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறம், அது பையனுக்கு. நீலம் மென்மையானது, அது பெண்ணுக்கு என்று நேர்மாறாக எழுதியது. இன்றைய ஏற்பாடு அங்கேயே 1940-களில்தான் நிலைத்தது. அது கடை வழியாக நம்மிடம் வந்தது. பாட்டியின் பழைய நூல் புடவையைக் கிழித்துப் பிறந்த பிள்ளைக்குப் போர்த்திய காலத்தில் அந்தப் புடவை என்ன நிறமோ அதுதான் குழந்தைக்கும் நிறம். போட்டுப் பழகிய துணியை முதலில் போடும் வழக்கத்தில் நல்ல காரணமும் இருக்கிறது. புதுத் துணியின் கஞ்சியும் சாயமும் பிஞ்சுத் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அண்ணன்கள் போட்ட துணியை நீங்கள் தாராளமாகப் போடலாம். வேர்க்குருக் காலத்தில் அதுதான் நல்லது.

ஊகித்த பிறகு என்ன செய்கிறார்கள்?

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஊகம் சரியா தவறா என்பது பெரிதல்ல. ஊகித்த மறுநொடியே பெரியவர்களின் கையும் குரலும் மாறிவிடுகின்றன.

தடுப்பூசி போடும் நாளில் என் அறையில் இதைப் பார்க்கலாம். ஒரே வயது, ஒரே ஊசி, அதே தொடை. ஊசி ஏறியதும் இரண்டு நொடி மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் சிவந்து, பிறகு வீறிடும். பையன் என்றால் கூட வந்த தாத்தா, “கோவத்தைப் பாரு! டாக்டரை அடிக்க வரான். சிங்கம்டா நீ, அழக் கூடாது” என்பார். பெண் என்றால், “ஐயோ, பயந்துட்டாடி தங்கம்” என்று அள்ளி மார்பில் அணைப்பார். அழுகை ஒன்றுதான். ஒன்றைக் கோபமாகக் கேட்கிறோம், இன்னொன்றைப் பயமாகக் கேட்கிறோம். 1976-ல் வெளியான ஓர் ஆய்வில், உங்கள் மகளின் வயதில் இருந்த ஒரு குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து திடீரென்று பொம்மை துள்ளி எழும், குழந்தை கலங்கி அழும். பையன் என்று சொல்லிக் காட்டியபோது பார்த்தவர்கள் அதில் கோபத்தை அதிகம் கண்டார்கள், பெண் என்று சொல்லிக் காட்டியபோது பயத்தைக் கண்டார்கள். படம் ஒன்றேதான்.

இதில் இருவருக்கும் நஷ்டம் இருக்கிறது. வலிக்கிறது என்று அழும் பையனை அணைக்க ஆளில்லை. எழுந்து நிற்கப் பார்க்கும் பெண்ணை ‘விழுந்துடுவா’ என்று தூக்கிவிடுகிறோம். 2000-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், தவழும் பதினொரு மாதக் குழந்தைகள் எவ்வளவு சரிவான பலகையில் இறங்கும் என்று தாய்மார்களை முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். பையனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள். இறக்கிவிட்டுப் பார்த்தபோது இரு தரப்புக் குழந்தைகளும் ஒரே மாதிரிதான் இறங்கினார்கள். அந்த வயதில் பிள்ளைக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதைப் பெற்றவர்களின் கணக்குதான் முடிவு செய்கிறது.

அதனால் ஒரு வாரம் வீட்டில் கவனித்துப் பாருங்கள். வாசல் படியில் அவள் ஏறப் போனால் யார் ஓடி வந்து தூக்குகிறார்கள்? அண்ணன் மகன் அதே வயதில் அதே படியில் ஏறியபோது என்ன செய்தார்கள்? பூங்காவில் கார் சட்டை போட்டுப் போகும் நாளில் மற்றவர்கள் அவளிடம் பந்தை உருட்டுகிறார்களா, ஃப்ராக் போட்டுப் போகும் நாளில் ‘மண்ணுல உக்காராத, அழுக்காயிடும்’ என்கிறார்களா? அவளுக்கு இப்போது மண், படி, பந்து, பாத்திரம், பொம்மை எல்லாமே வேண்டும். எந்த உடையில் தாராளமாகத் தவழ முடியுமோ அது நல்ல உடை. பாவாடை முழங்காலில் சிக்கித் தடுக்கும். தவழும் வயதில் டிராயருக்கு நான் ஓட்டுப் போடுவது இந்த ஒரே காரணத்தால்தான்.

பையன்தான் சீக்கிரம் நடப்பான் என்று பெரியம்மா சொல்லி வைத்திருக்கிறாரே, அதையும் தள்ளி வையுங்கள். பிடிமானம் இல்லாமல் தனியாக நடப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் கால எல்லை 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அதைப் பிரிக்கவில்லை.

யாரைத் திருத்துவது, யாரை விட்டுவிடுவது?

லிஃப்டில் மூன்றாவது மாடி வரை வருகிறவர் ‘தம்பி’ என்றால் விட்டுவிடலாம். அது பொய் சொல்வதாகாது. உங்களுக்குத் தூக்கம் இல்லாத நாளில், கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும்போது யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமை இல்லை. திருத்த விரும்பினால் ஒரு சொல் போதும்: “பொண்ணுங்க.” மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். ‘அண்ணன் துணி அதான்’, ‘மொட்டை அதான்’ என்று காரணம் அடுக்கவும் வேண்டாம். தினம் பார்க்கிறவர்களிடம், பக்கத்து வீடு, பால் போடுகிறவர், கிரெஷ் ஆயா ஆகியோரிடம், முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவர்களுக்கே சங்கடம் இருக்காது.

கட்டாயம் திருத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது ஆஸ்பத்திரி. வரவேற்பில் இருப்பவர் சட்டையைப் பார்த்து ஆண் என்று பதிவு செய்துவிடுவது நடக்கக்கூடியது. மருந்து அளவு எடையை வைத்துத்தான், அதில் மாற்றம் வராது. ஆனால் வளர்ச்சி வரைபடம் இருபாலுக்கும் தனித்தனி. ஆணுக்கு நீலத் தாள், பெண்ணுக்கு ரோஸ் தாள். ஒன்பது மாதத்தில் 6.8 கிலோ உள்ள பெண் குழந்தை தன் தாளில் இயல்பு எல்லைக்குள் இருக்கும். அதையே நீலத் தாளில் குறித்தால் எடை குறைவு என்று வரும், வீட்டில் எல்லோரும் பதறிப் போய் ஊட்டித் தள்ளுவார்கள். 6.8 கிலோ உள்ள ஆண் குழந்தையை ரோஸ் தாளில் குறித்தால் உண்மையான எடைக் குறைவு கண்ணில் படாமல் போய்விடும். சீட்டிலும் அட்டையிலும் ‘பெண்’ என்று இருக்கிறதா என ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ரயில் பயணம்

நீங்கள் மகளை மறைக்கவில்லை. அந்த அம்மாவின் ஆசீர்வாதம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் வேறொரு வரி இருக்கிறது, நீங்கள் கடந்து போய்விட்டீர்கள், என்னால் கடக்க முடியவில்லை. பிரசவ வார்டில் பார்க்க வந்தவர்கள், ‘பரவால்ல விடு, மொதல்ல மகாலட்சுமி, அடுத்தது சிங்கக்குட்டி’ என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரமப்பட்டுப் பெற்று, தையல் வலியோடு படுத்திருக்கும் பெண்ணிடம் ஆறுதல் சொல்கிறார்கள். எதற்கு ஆறுதல்? குழந்தை நன்றாக இருக்கிறது, தாய் நன்றாக இருக்கிறாள். ஒன்பது மாதமாக ஒருவரும் உங்களைக் ‘குடுத்து வெச்சவ’ என்று மனம் நிறைந்து சொல்லவில்லை. முதன்முதலாகச் சொன்னவர் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு சொன்னார். கேட்க நன்றாக இருந்ததிலும் தப்பில்லை, பிறகு அழுகை வந்ததிலும் தப்பில்லை. அந்தச் சொல் உங்கள் பெண்ணுக்காகவே வந்திருக்க வேண்டியது.

மறுபடி அப்படி யாராவது சொன்னால், அங்கே மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். “பொண்ணுங்க. ஆமா, குடுத்து வெச்சவதான் நான்.” இவ்வளவு சொன்னால் போதும். பெரும்பாலும் எதிரில் இருப்பவர் சட்டென்று, “பொண்ணுன்னா இன்னும் விசேஷம்” என்பார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்னும் ஓராண்டில் உங்கள் மகளுக்குப் பேச்சு நன்றாகப் புரியத் தொடங்கிவிடும், அப்போது அம்மா வாயிலிருந்து அவள் கேட்க வேண்டிய வாக்கியம் அது.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அழுகை அந்த ஒரு நாளோடு நின்றதா? இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் கனத்துக் கிடந்தால், குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை பிறந்த முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் வரும், சிகிச்சையில் சரியாகும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ‘யாரோ சொல்லட்டும்’ என்னும் உங்கள் கணவருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். யாரோ சொல்வதை அவர் தாங்கிக்கொள்ளலாம். அவருடைய மனைவி மாம்பலம் பிளாட்பாரத்தில் நின்று அழுதது அவருக்குத் தெரிய வேண்டும்.

‘தெரிஞ்ச ஸ்கேன் சென்டர்’

சட்டை விஷயத்தில் மாமியாரும் பெரியம்மாவும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருவரில் பெரியம்மாவின் பேச்சுதான் என்னைப் பதற வைக்கிறது. பையன் துணி போட்டால் அடுத்தது பையன் என்பது நம்பிக்கை, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும் அந்த நேரத்தில், தந்தையிடமிருந்து வருவது எக்ஸ் குரோமோசோமா ஒய் குரோமோசோமா என்பதில் முடிந்துவிடுகிறது. அக்கா எந்தச் சட்டை போட்டாள் என்பதற்கு அங்கே வேலை இல்லை. ஸ்கேனில் கேட்பது வேறு. அது குற்றம்.

1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-ல் மேலும் இறுக்கப்பட்டது; மருத்துவர்கள் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் என்போம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. ‘ரோஸ் துணி வாங்கி வைங்க’ என்று ஜாடையாகச் சொல்வதும் இதில் அடங்கும். சொல்லும் மருத்துவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை உறுதியானால் ஐந்து ஆண்டு பதிவு நீக்கம். கேட்டுப் போகிற கணவருக்கும் உறவினருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அழைத்து வந்தார்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணுக்குத் தண்டனை இல்லை.

பெரியம்மாவிடம் சண்டை போடச் சொல்லவில்லை. “அது ஜெயில் சமாச்சாரம் பெரியம்மா, என் முன்னாடி இனிமே பேசாதீங்க” என்று ஒருமுறை, கணவரும் கூட இருக்கும்போது சொல்லிவிடுங்கள். அவர் பாசத்தில் பேசுகிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. பெண் வேண்டாம் என்ற எண்ணம் விளையாட்டுப் பேச்சில் தொடங்கி எங்கே போய் நின்றது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். பின்னால் நெருக்கடி வந்தால் 181 மகளிர் உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

மாமியாரும் ஹேர் பேண்டும்

ஹேர் பேண்ட் வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். எலாஸ்டிக் இறுக்கம் மொட்டைத் தலையில் சிவந்த கோடு போடும். தூங்கும்போது நழுவி மூக்கை, வாயை மூடலாம். பூ பிய்ந்தால் நேராக வாய்க்குப் போகும். பாசிமணிச் சங்கிலியும் அப்படித்தான். கண்ணுக்கு மை வேண்டாம், பல மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் கன்னத்துக்குப் பதில் உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பதில் மாமியாருக்கு ஏதாவது விட்டுக்கொடுங்கள். பேத்தியைப் பேத்தியாகப் பார்க்க ஆசைப்படுகிறார், அதில் பாசம் இருக்கிறது. கோயிலுக்கும் விசேஷத்துக்கும் அவர் எடுத்த ஃப்ராக், மற்ற நாளில் அண்ணன்கள் துணி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பிறந்தநாளுக்குப் பட்டுப் பாவாடை அவர் கையாலேயே போடட்டும். ஜரிகை குத்தாமல் உள்ளே மெல்லிய பருத்தி உள்பாவாடை இருக்க வேண்டும், போட்டோ எடுத்ததும் மாற்றிவிட வேண்டும். காதுகுத்தை மட்டும் ‘பெண் என்று தெரிவதற்காக’ முன்னால் இழுக்காதீர்கள். நம் ஊரில் பையனுக்கும்தான் குத்துகிறோம், அதை வைத்து யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் மூன்றும் போட்டு முடிந்திருந்தால் எப்போது குத்தினாலும் சரி, அவசரம் எதுவும் இல்லை. தாய்மாமன் வரட்டும்.

ஒன்பது மாதத்தில் போட வேண்டிய எம்.ஆர். தடுப்பூசியைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி அது. போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போங்கள், அங்கே இலவசம். சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய டிராயராகப் போட்டுக் கொண்டு போனால் உங்களுக்கும் நர்ஸுக்கும் சௌகரியம்.